நேரத்தைக் குறித்து வையுங்கள்: பொய்க் கஞ்சா வழக்கில் சிக்கியவரின் வீட்டாருக்கு ஒரு குமாஸ்தா சொல்வது

சேலம் அஸ்தம்பட்டியில் நீதிமன்ற வளாகமும் மத்தியச் சிறையும் ஒரே பேட்டையில் இருக்கின்றன. ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கும் வீட்டார், முதலில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சாலையோரத்தில் நிற்பார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். சட்டம் படித்தவன் இல்லை. வழக்குக் கட்டுகளைச் சுமந்தவன். அவர்கள் கேட்டதற்கெல்லாம் நீதிமன்ற வராந்தாவில் நின்றபடி வாயால் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கஞ்சா இந்தப் பக்கம் வருவது பொய்யில்லை. தன்பாத் - ஆலப்புழை ரயிலில் வந்த கஞ்சாப் பைகள் சேலம் சந்திப்பில் பிடிபட்ட செய்தியைப் பத்திரிகை படிக்கும் எவரும் அறிவர். பிடிபடுகிறவர்கள் எல்லோரும் நிரபராதிகள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆள் மாறியும், பழைய பகைக்காகவும், கணக்குக் காட்டவும், இருக்கைக்கு அடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததற்காகவும் உள்ளே போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இது அவர்களுடைய வீட்டாருக்கு.

ஒரு பையனின் வழக்கைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பெயர், ஊர், காவல் பிரிவு எதுவும் வேண்டாம். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டக் கூலிகளின் மகன். ஒரு நாள் மாலை சேலத்துக்கு வேலை தேடிப் பஸ் ஏறினான். மலை இறங்கும் வழியில் இரண்டு பேர் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கி அழைத்துக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர் ஒருவர் பார்த்து வீட்டுக்குச் சொன்னார். மறுநாள் காலை 6 மணிக்கு, ஒரு பேருந்து நிறுத்தத்தின் அருகே, கையில் ஒரு கிலோ நூறு கிராம் கஞ்சாவுடன் "சந்தேகப்படும்படி நின்றுகொண்டிருந்ததாக" அவன்மேல் வழக்கு எழுதப்பட்டது. அவனைக் காப்பாற்றியது வாதத்திறமை என்று எங்கள் வக்கீல் நினைத்துக்கொள்வார். எனக்குத் தெரிந்து, அவன் அக்கா முந்தைய இரவு 11.52க்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சல்தான்.

முதல் இரவு

பிடித்துக்கொண்டு போனதாகத் தகவல் வந்தவுடன் எல்லோரும் செய்வது, தெரிந்த கட்சிக்காரரையோ கவுன்சிலரையோ தேடி ஓடுவது. போகிறவர்கள் போகட்டும். வீட்டில் எழுதத் தெரிந்த ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஒரு மனு எழுதுங்கள். இன்னார், இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், இத்தனை பேரால், சீருடையிலோ இல்லாமலோ அழைத்துச் செல்லப்பட்டார், பார்த்தவர் இன்னார், இப்போது மணி இவ்வளவு, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவ்வளவுதான். அழுகையும் ஆவேசமும் வேண்டாம், மணி வேண்டும்.

யாருக்கு அனுப்புவது? ஏற்காடு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லை. சேலம் நகரம், மாநகரக் காவல் ஆணையரின் எல்லை. ரயில் நிலையத்துக்குள் என்றால் இருப்புப்பாதைக் காவல். எது என்று தெரியாவிட்டால் எல்லோருக்கும் அனுப்புங்கள், நஷ்டமில்லை. மின்னஞ்சல் அனுப்பிய கையோடு 112க்கு ஒரு முறை கூப்பிடுங்கள், முதல்வரின் முகவரி எண் 1100லும் பதிவு செய்யுங்கள். விடிந்ததும் அதே மனுவை விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த வேலையைத் தந்தி செய்தது. நடுராத்திரியில் தந்தி அலுவலகத்தில் நின்று அடித்த தந்தியின் நகல் எத்தனையோ வழக்குகளின் முதுகெலும்பை முறித்திருக்கிறது. 2013இல் தந்தியை நிறுத்திவிட்டார்கள். மின்னஞ்சல் அதைவிட மேல்; அதன் நேரத்தை எளிதில் திருத்த முடியாது.

காரணம் எளியது. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு. பயண நேரம் மட்டும் கழிவு. அந்த 24 மணி நேரத்தைப் பிடித்த நேரத்திலிருந்து எண்ணாமல், காகிதத்தில் எழுதிய நேரத்திலிருந்து எண்ணுவதுதான் வழக்கமான வித்தை. காகிதத்துக்கு முன்பே நீங்கள் ஒரு காகிதம் எழுதிவிட்டால் அந்த வித்தை பலிக்காது.

காவல் நிலையத்துக்கு நேரில் போனால் தனியாகப் போகாதீர்கள். வாசலில் நிற்கும் உங்களிடம் ஏட்டு "நாளைக்கு வாங்க" என்று சொல்லலாம். சொன்ன மணியையும் அவர் சட்டையில் இருக்கும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கைதானவர் விசாரணையின்போது தன் வழக்கறிஞரைச் சந்திக்கலாம். கைது குறிப்பாணையில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்வது போலீசின் கடமை. 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன இவையெல்லாம், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கின்றன. அந்தப் பெயரை எங்கள் வராந்தாவில் முழுதாக உச்சரித்தவர் எவருமில்லை, பி.என்.எஸ்.எஸ். என்றால் போதும்.

கையெழுத்து கேட்டால்? தேதியும் நேரமும் இல்லாத காகிதத்தில் போடாதீர்கள். உங்களிடமே கையெழுத்து வாங்கினால் அதன் கீழே நீங்களே மணி போடுங்கள். தேதி என்று கேட்டிருக்கும் இடத்தில் "இரவு 10.20" என்று சேர்த்து எழுதுவதைத் தடுக்கச் சட்டமில்லை.

பழைய சட்டை

ரிமாண்டுக்குக் கொண்டுவரும் நாளில் வீட்டார் மாற்றுத் துணி கொடுப்பார்கள், பழையதை வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பழையதை உடனே துவைத்துவிடாதீர்கள். நான் சொன்ன பையனின் அம்மா துவைக்கப் போட்ட சட்டையை அவன் அக்கா மறுபடி எடுத்துப் பையைத் துழாவினாள். உள்ளே நான்காக மடித்த பஸ் டிக்கெட். கண்டக்டரின் கைக்கருவியில் அடித்த சிறிய வெள்ளைத் தாள். ஏறிய இடம், தேதி, மணி எல்லாம் அதில் இருந்தன: இரவு 7.40. வியர்வையில் பாதி எழுத்து மங்கியிருந்தது.

அந்த வகைத் தாள் வெயிலிலும் வியர்வையிலும் சில மாதங்களில் வெளுத்துவிடும். ஆகவே கிடைத்த அன்றே இரண்டு நகல் எடுங்கள், போனில் படம் பிடியுங்கள், மூலத்தை ஒரு உறையில் போட்டு வக்கீலிடம் கொடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், காகித உறை. டீக்கடையில் பணம் அனுப்பிய குறுஞ்செய்தி, தோட்டத்து வருகைப் பதிவேடு, விடுதியின் உள்-வெளி நோட்டு, பெட்ரோல் பங்க் கேமரா என எல்லாவற்றையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கடைக் கேமராக்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும், பல இடங்களில் சில வாரங்கள்தான் தாங்கும். கடைக்காரரிடம் கெஞ்சியாவது பென் டிரைவில் வாங்குங்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். யார் தருவார் என்பதை வக்கீலிடம் அன்றே கேட்டு வையுங்கள். பின்னால் கடைக்காரர் ஊர் மாறிவிடுவார்.

காவல் நிலையத்தின் கேமராவுக்கும் இது பொருந்தும். 2020இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும் என்றும் பதிவுகளை 18 மாதம், கருவி தாங்காவிட்டால் குறைந்தது ஓராண்டு, வைத்திருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு சாத்தான்குளத்தில் என்ன நடந்தது என்பதும் தெரியும்: நிலையக் கேமராப் பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். ஆகவே "பதிவைப் பாதுகாக்க உத்தரவிடுக" என்ற மனுவை முதல் வாரத்திலேயே நீதிமன்றத்தில் போடச் சொல்லுங்கள். பையனின் செல்போன் எந்தக் கோபுரத்தில் இருந்தது என்ற பதிவுக்கும் அப்படியே.

மாஜிஸ்திரேட் முன்னால்

இரண்டு நிமிடம்தான் நடக்கும். அதற்காக அற்பமாக நினைக்காதீர்கள். மாஜிஸ்திரேட் "அடித்தார்களா, ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையன் "இல்லை" என்பான். அந்த "இல்லை" வழக்கு முடியும்வரை அவன் கழுத்தில் தொங்கும். முடிந்தால் முன்னதாகவே வக்கீல் மூலம் சொல்லி அனுப்புங்கள்: எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்பதையும் உடம்பில் எங்கே வலி என்பதையும் மட்டும் சொன்னால் போதும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகல் கைதானவருக்கு உரியது, கேளுங்கள்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நீதிமன்ற வளாகத்திலேயே கேட்டால் காட்டுவார்கள். தொலைபேசி 15100. காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதியினர் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மலையாளிகள் எனப்படும் மலைவாழ் பழங்குடிக் குடும்பங்கள் எத்தனையோ ஆடு மாடு விற்று முன்பணம் கட்டியதைப் பார்த்து எரிச்சல் பட்டிருக்கிறேன். அவர்களுக்கு இது உரிமை என்பதை யாரும் சொல்லவில்லை.

கைதுக்கான காரணங்களை எழுத்தில் தந்தார்களா என்பதையும் அங்கேயே பாருங்கள். 2024இல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில், எழுத்தில் காரணம் தராத கைது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025இல் அதை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்து, கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்றது. வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலும் தறிகளிலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளி ஒருவருக்குத் தமிழ்க் காகிதத்தில் ரேகை வாங்கியிருந்தால், அது வக்கீல் முதலில் எழுப்ப வேண்டிய புள்ளி.

எடையும் மகஜரும்

வழக்கின் கனம் எடையைப் பொறுத்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு. தண்டனை ஓராண்டு வரை. அதற்கு மேல் 20 கிலோ வரை இடைநிலை; பத்தாண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு; பத்து முதல் இருபது ஆண்டு, அபராதம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. "ஒரு கிலோ நூறு கிராம் கஞ்சா பறிமுதல்" என்ற வரியை உள்ளூர்ச் செய்திகளில் நீங்கள் படித்திருப்பீர்கள். தராசுக்கும் ஒரு ராசியான எண் உண்டு போலிருக்கிறது.

சட்டத்தின்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி. நுனி இல்லாமல் இலையும் விதையும் மட்டும் இருந்தால் அது கஞ்சா ஆகாது. ஆகவே எடை போட்டபோது காம்பு, இலை, பை எல்லாம் சேர்ந்ததா என்பதைக் கேட்க வேண்டும். ஒரு கிலோ நூறு கிராமில் சாக்குப்பையின் எடையே வழக்கை இடம் மாற்றிவிடும்.

எஃப்.ஐ.ஆர். 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் ஏற வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற உத்தரவு. அதை எடுங்கள். குற்றப்பத்திரிகையுடன் மற்ற நகல்களும் இலவசமாக வரும். வந்ததும் ஒரு நீளமான தாளை எடுத்து, எல்லா ஆவணங்களிலும் உள்ள நேரங்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: ரகசியத் தகவல் வந்த மணி, நிலையத்தை விட்டுக் கிளம்பிய மணி, மகஜர் (பறிமுதலைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) எழுதிய மணி, கைது மணி, எஃப்.ஐ.ஆர். மணி, மருத்துவமனை மணி, மாஜிஸ்திரேட் முன் நிறுத்திய மணி. நான் எங்கள் வக்கீலுக்குச் செய்து கொடுத்த வேலையில் உருப்படியானது இதுதான். மகஜர் எழுதும்போது இன்னும் பிறக்காத எஃப்.ஐ.ஆர். எண் மகஜரின் தலையில் எழுதியிருப்பதை இப்படித்தான் கண்டுபிடிப்போம். மலையிலிருந்து சேலம் வர ஒரு மணி நேரம் ஆகும்; காகிதத்தில் கால் மணி நேரத்தில் வந்திருப்பார்கள்.

அதன்பின் சட்டப் படிகள். ரகசியத் தகவலின்பேரில் வீட்டையோ விடுதி அறையையோ சோதித்தால், போதைப்பொருள் சட்டத்தின் 42ஆவது பிரிவின்படி தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பொது இடத்தில் பிடித்தால் அது 43. அந்தத் தொல்லை இல்லை. மகஜர்கள் பேருந்து நிறுத்தங்களை இவ்வளவு நேசிப்பதற்கு அது ஒரு காரணம் என்பது என் சொந்த அபிப்பிராயம். உடலைச் சோதிப்பதானால், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்பதை 50ஆவது பிரிவின்படி சொல்லியாக வேண்டும். பைக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது, அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். பறிமுதல் செய்த பொருளின் பட்டியலும் மாதிரியும் 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்கப்பட வேண்டும். அதில் பிசகு இருந்தால் பலம்தான். ஆனால் அது ஒன்றே விடுதலைக்குப் போதாது என்று 2025இல் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. கைது விவரம் 48 மணி நேரத்தில் மேலதிகாரிக்குப் போக வேண்டும், அது 57. இப்போது சோதனையை வீடியோ எடுப்பதும் பி.என்.எஸ்.எஸ். 105இன்படி கட்டாயம். வீடியோ எங்கே என்று கேளுங்கள். இருந்தால் அதன் நேரத்தைப் பாருங்கள்.

"ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டானே" என்று பயப்படுகிறவர்களுக்கு: போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. இந்தச் சட்டத்தின் 67ஆவது பிரிவில் மற்றத் துறை அதிகாரிகள் வாங்குவதும் ஆகாது என்று 2020இல் தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் முடிவாகிவிட்டது.

ஜாமீனும் குண்டர் சட்டமும்

வணிக அளவு என்றால் 37ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். இடைநிலை அளவுக் கஞ்சாவுக்கு அந்தத் தடை பொதுவாக இல்லை. இதைத் தெரியாமல் "கஞ்சா கேஸ், ஜாமீனே கிடையாது" என்று பயமுறுத்திப் பணம் பறிக்கிறவர்கள் வளாகத்தின் வெளியே நிற்பார்கள்.

கட்டாய ஜாமீன் என்று ஒன்று உண்டு. வணிக அளவில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. மற்றதற்கு 60 நாளா 90 நாளா என்பதை வக்கீலிடம் முதல் நாளே கேட்டு நாள்காட்டியில் வட்டமிடுங்கள். அந்த நாள் விடிந்ததும், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் மனு போட வேண்டும். மதியம் வரை தூங்கினால் போயிற்று.

இதற்கிடையில் தமிழ்நாட்டில் இன்னொரு இடி விழலாம். 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம், அதாவது குண்டர் சட்டம், போதைப்பொருள் குற்றவாளி என்று முத்திரை குத்தி ஓராண்டு வரை விசாரணையின்றி அடைக்க இடம் தருகிறது. உத்தரவு மாவட்ட ஆட்சியரிடமிருந்தோ மாநகர ஆணையரிடமிருந்தோ வரும். ஒரு கட்டுக் காகிதமும் கூட வரும். அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். படிக்க முடியாத நகல், அடைக்கப்பட்டவருக்குத் தெரியாத மொழியில் பக்கங்கள், மனுவுக்குப் பதில் தரத் தாமதம் ஆகியவற்றுக்காகவே சென்னை உயர் நீதிமன்றம் எத்தனையோ உத்தரவுகளை ரத்து செய்திருக்கிறது. அரசுக்கும் அறிவுரைக் குழுமத்துக்கும் உடனே மனு அனுப்பிவிட்டு, ஆட்கொணர்வு மனுவுக்கு ஆயத்தமாகுங்கள்.

சிறையில் "மனு பார்க்க", அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, போகும்போது ஆதார் அட்டையுடன் காலையிலேயே போங்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அரசு வழக்கறிஞர்

வீட்டார் போலீசை மட்டுமே பார்க்கிறார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட அரசு வழக்கறிஞரைக் கவனிப்பதில்லை. அவர் போலீசின் வக்கீல் இல்லை, நீதிமன்றத்தின் அலுவலர். 180 நாளை ஓராண்டு வரை நீட்டிக்க வேண்டுமானால் விசாரணை எவ்வளவு நடந்திருக்கிறது, ஏன் இன்னும் அடைத்து வைக்க வேண்டும் என்று அவரே அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையில் போலீஸ் எழுதியதன் மேல் கையெழுத்து மட்டும் இருந்தால் அதை எதிர்க்கலாம். அரசுத் தரப்பு பயன்படுத்தாமல் ஒதுக்கிய வாக்குமூலங்கள், ஆவணங்களின் பட்டியலையும் எதிர்த்தரப்புக்குத் தர வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் விதி வகுத்தது. எழுத்தில் கேளுங்கள். மலைப்பையன் வழக்கில், பஸ் கண்டக்டரிடம் போலீசே வாக்குமூலம் வாங்கியிருந்தது தெரிந்தது. "ஆளைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்" என்று அவர் சொல்லியிருந்தார். குற்றப்பத்திரிகையில் அந்தத் தாள் இல்லை.

அரசுத் தரப்புக்குச் சட்டத்தில் சலுகைகள் உண்டு: பொருள் கையில் இருந்தது என்று நிரூபித்துவிட்டால், குற்ற மனம் இல்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஆனால் "கையில் இருந்தது" என்பதை முதலில் அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2008இல் நூர் ஆகா வழக்கின் சாரம் அதுதான். பையன் நான்காம் ஆண்டு விடுதலையானான். காலை 6 மணிக்குக் கைதான ஆளைப் பற்றி முந்தைய இரவு 11.52க்கே எப்படிப் புகார் வந்தது என்ற கேள்விக்கு விசாரணை அதிகாரியிடம் பதில் இல்லை.

பதில் சொல்ல வைப்பது

விடுதலையோடு எல்லோரும் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வழக்குக் கட்டுகளை மூடிவிடுகிறார்கள். அதற்கு மேல் போக நினைக்கிறவர்கள் ஒரு விஷயத்தை முன்பே அறிய வேண்டும். விடுதலைக்காகக் காத்திருந்தால் சில கதவுகள் மூடிவிடும்.

மாநில மனித உரிமை ஆணையம் சென்னையில் இருக்கிறது. தபாலில் புகார் அனுப்பலாம், கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் எடுத்துக்கொள்ளாது. நாங்கள் பையனின் விடுதலைத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனபோது மூன்று ஆண்டுகள் தாண்டியிருந்தன. அந்தத் தவறு என்னுடையது. தேதிகளைக் குறிப்பது என் வேலை. நீங்கள் முதல் மாதத்திலேயே அனுப்புங்கள். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பாமலிருக்க, குற்றம் செய்தானா இல்லையா என்று மனுவில் வாதிடாதீர்கள். சட்டவிரோதக் காவல், அடி, தகவல் மறுப்பு ஆகியவற்றை மட்டும் மணி வாரியாக எழுதுங்கள். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருக்கிறது. இழப்பீட்டை அதிகாரியின் சம்பளத்திலிருந்து பிடிக்கவும் வழியுண்டு.

குற்ற வழக்கு என்று போனால், போதைப்பொருள் சட்டத்திலேயே 58ஆவது பிரிவு இருக்கிறது: நியாயமான சந்தேகமின்றித் தொல்லைக்காகச் சோதனை, கைது செய்த அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஒருவன் பத்தாண்டு உள்ளே போகக்கூடிய வழக்கை ஜோடித்தவருக்கு ஆயிரம் ரூபாய்! பொய்த் தகவல் கொடுத்தவருக்கு அதே பிரிவில் இரண்டாண்டு வரை உண்டு. கனமான பிரிவுகள் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கின்றன: பொய்ச் சாட்சியம் புனைவது 231, பொய்க் குற்றச்சாட்டு 248, சட்டவிரோதம் என்று தெரிந்தே அடைப்பது 258. அரசு ஊழியர் என்பதால் முன் அனுமதி தேவை என்று எதிர்த்தரப்பு சொல்லும். 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகக் கருதப்படும் என்பது புதிய சட்டத்தில் வந்த ஒரு நல்ல மாற்றம்.

நடக்குமா என்று கேட்பீர்கள். 1996இல் குஜராத்தின் பாலன்பூரில் ஒரு வழக்கறிஞரின் விடுதி அறையில் அபின் வைத்து வழக்கு ஜோடித்ததாக, அப்போதைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் சஞ்சீவ் பட்டுக்கு 2024 மார்ச்சில் 20 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அது அரசியல் பழிவாங்கல் என்பது அவர் தரப்பு. எப்படிப் பார்த்தாலும் 28 ஆண்டுகள். நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994இல் கைதானார். அது போதைப்பொருள் வழக்கு அல்ல, உளவு வழக்கு. 50 லட்சம் இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது 2018இல். அவரளவு பெயரில்லாதவர்களுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு இழப்பீடு கேட்கும் பாதை 1983இல் ருதுல் ஷா வழக்கிலேயே திறந்துவிட்டது. உரிமையியல் வழக்கு என்றால், தீய நோக்கோடு வழக்குத் தொடுத்ததற்கு விடுதலையான நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பும் அனுப்ப வேண்டும். தவறான குற்ற வழக்குகளுக்குத் தனி இழப்பீட்டுச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது.

கடைசியாக, அதிகம் பேர் தொடாத ஒரு பாதை. 2014 ஜனவரியில் குஜராத் அரசு எதிர் கிஷன்பாய் வழக்கில், விடுதலையில் முடியும் ஒவ்வொரு வழக்கையும் ஆராய்ந்து, விசாரித்தவர் பிழையா, வழக்கு நடத்தியவர் பிழையா என்று கண்டு துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போலீஸ், அரசு வழக்கறிஞர் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டும் உத்தரவு அது. ஆகவே விடுதலைத் தீர்ப்பின் நகல் வந்த வாரமே, பத்து ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். உள்துறைக்கு ஒன்று, குற்ற வழக்குத் தொடர்வுத் துறைக்கு ஒன்று, காவல் கண்காணிப்பாளருக்கோ ஆணையருக்கோ ஒன்று. இந்த எண்ணுள்ள வழக்கின் விடுதலை ஆராயப்பட்டதா; எந்தத் தேதியில்; யார் பொறுப்பு என்று முடிவானது; என்ன நடவடிக்கை; கோப்புக் குறிப்புகளின் நகல் தருக. பதிலுக்கு 30 நாள் கெடு. வராவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு தகவல் ஆணையம்.

பையனின் அக்கா மூன்று மனுக்களையும் தன் கையால் எழுதினாள். முதல் பதில் "பரிசீலனையில் உள்ளது" என்று வந்தது. அவள் உறையைத் திருப்பி, தபால் முத்திரையில் இருந்த தேதியை நோட்டில் குறித்துக்கொண்டு, மேல்முறையீட்டுக்கு நாள் எண்ணத் தொடங்கினாள்.